எங்கள் ஊர் அனுப்பிய வண்டி

1964 ஏப்ரல் 7, செவ்வாய்க்கிழமை. எந்த ஊரில் தங்கினாலும் ஐந்தரைக்கு எழுந்து, சவரம் செய்து, முந்தின நாள் குறிப்பை முடித்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவது என் வழக்கம். திருச்சியில் சத்திரம் பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்த விடுதியிலும் அப்படியே செய்தேன். குழாயில் தண்ணீர் ஆறு மணிக்கு நின்றுவிடும் என்று விடுதிக்காரர் எச்சரித்திருந்தார். அதற்கு முன்பே நின்றுவிட்டது. பாதி முகம் சோப்போடு கீழே இறங்கி, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிவந்து மீதியை மழித்தேன். பிறகு டபராவில் காபி வந்தது. எங்கள் மலாயாவில் காப்பிக்கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் போட்டுக் கரியாகும்வரை வறுப்பார்கள். இங்கே பால்தான் முன்னால் நிற்கிறது, கசப்பு பின்னால் மெதுவாக வருகிறது. நன்றாக இருந்தது, ஆனால் அளவு மிகக் குறைவு.

நாட்டுக்கு மலேசியா என்று பெயர் வைத்துச் சில மாதங்கள் ஆகின்றன. கை இன்னும் மலாயா என்றே எழுதுகிறது. பேராக் மாநிலத்தில், ஈயம் தோண்டும் ஓர் ஊரின் நகர சபையில் நான் தலைமை எழுத்தர். சபை என்னை அனுப்பிய காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊருக்கு நட்பு நகரம் என்று சொல்லிக்கொள்ள இரண்டு இருந்தன. முதலாவது இங்கிலாந்தில் ஒரு நிலக்கரி நகரம். எங்கள் சபைக்குத் தலைவராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் பிறந்த ஊர் அது. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் வாழ்த்து வரும். சுதந்திரம் வந்து அவர் கப்பலேறிப் போனதும் வாழ்த்தும் நின்றுவிட்டது. இரண்டாவது இந்தத் திருச்சி. எங்கள் சபை உறுப்பினரான ஒரு செட்டியார் யாத்திரை வந்தவர், மலைக்கோட்டையில் ஏறி நின்று, “நம்ம ஊர்லயும் நடுவுல ஒரு பாறை, பாறையில ஒரு கோயில், பக்கத்துல ஆறு, ரயில் சந்திப்பு. வேற என்ன வேணும்?” என்று கேட்டாராம். அவரும் ஸ்ரீரங்கத்தில் பூகோள ஆசிரியராக இருந்த வரதனும் பேசி, இரண்டு பக்கமும் நட்புச் சங்கம் வைத்தார்கள். மூன்றாவதாக ஒரு ஜப்பானிய நகரம் சென்ற ஆண்டு விருப்பம் தெரிவித்தது. அதைச் சபையில் வாசித்தவன் நான். வாசித்து முடித்ததும் சீன உறுப்பினர் ஒருவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். என் தந்தை யுத்தகாலத்தில் சயாம் ரயில் பாதை போட ஜப்பானியரால் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர். நான் அடுத்த பொருளை வாசித்தேன்.

திருச்சிச் சங்கம் எங்களுக்கு ஆளுயரப் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றை அனுப்பியது. அது எங்கள் சபை மண்டபத்தில் நிற்கிறது. யாரும் ஏற்றியதில்லை. மழைக்காலத்தில் அதன் தட்டுகளில் குடைகளைத் தொங்கவிடுகிறார்கள். பதிலுக்கு நாங்கள், ஊரெல்லாம் நிதி திரட்டி, நோயாளிகளை ஏற்றிச் செல்ல ஓர் ஆம்புலன்ஸ் வண்டி அனுப்பினோம். புத்தூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் அது ஓடிக்கொண்டிருந்தது. இப்போது இரண்டாவது வண்டி ஒன்றை அனுப்புவதா, அல்லது இந்த நட்பையும் இத்தோடு முடித்துக்கொள்வதா என்று சபையில் பேச்சு. “கொடுத்த வண்டியால் எத்தனை உயிர் பிழைத்தது என்று நேரில் பார்த்துச் சொல்” என்று தலைவர் என்னை அனுப்பினார். என் சொல்லை வைத்துத்தான் முடிவு.

ஒன்பது மணிக்கு வரதன் சார் என்னைத் தேடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் திருமண், கையில் குடை. “வாங்கோ, நம்மாத்துக்குப் போலாம். தளிகை ஆயிண்டிருக்கு” என்று சாப்பாட்டுக்கு அழைத்துப் பஸ்ஸில் ஏற்றினார். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. கீழே பார்த்தேன். எங்கள் ஊர் ஆறு சேற்று நிறத்தில் வருடம் முழுவதும் ஓடும். இங்கே சித்திரை பிறக்கும் முன்பே மணல்தான். மணலுக்கு நடுவில் ஒரு மெல்லிய நீர்க்கோடு, அதில் வண்ணான் துணிகள். “ஆடி மாசம் வந்து பாருங்கோ” என்றார் வரதன், தன் வீட்டுக் குறையைச் சொல்வதுபோல.

அவர் வீடு ஸ்ரீரங்கத்தில், கோயில் கோபுர வாசலுக்கு உள்ளே இருந்த உத்தர வீதியில். மகனுக்குப் பிலாய் உருக்காலையில் வேலை. வீட்டில் அவரும் அவர் மனைவி அலமேலு அம்மாளும்தான். கூடத்தில் எனக்கு ஓர் இலை போட்டார்கள். வரதன் சார் எதிரில் நின்று உபசரித்தார், அவர் உட்காரவில்லை. “எனக்கு அப்பறமா ஆகட்டும், நீங்க சாப்பிடுங்கோ.” நட்பு நகரமானாலும் இலை இரண்டு பந்தியாகத்தான் விழுந்தது. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததை எழுதுகிறேன். ரசத்தைச் சாத்தமுது என்றும் பாயசத்தைத் திருக்கண்ணமுது என்றும் சொன்னார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும் அப்படி ஒரு ரசம் நான் சாப்பிட்டதில்லை.

“உங்க ஊர்ல தெனமும் மழையாமே?” என்று அலமேலு அம்மாள் கதவோரம் நின்று கேட்டார்.

“ஆமாம் அம்மா. நான்கு மணி ஆனால் பெய்யும்.”

“வண்டியெல்லாம் அனுப்பறேள், அதுல ரெண்டு கொடம் மழையும் ஏத்தி அனுப்பப்படாதோ?”

நான் சிரித்தேன். வரதன் சார் சிரிக்கவில்லை. வண்டியைப் பற்றிய பேச்சு வந்ததும் மோர் போடச் சொல்லி அவசரப்படுத்தினார். மோர் ஊற்றக் குனிந்த அம்மாள் இடது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். வெயில் சூடு என்றார்.

புதன்கிழமை புத்தூருக்குப் போனேன். ஆஸ்பத்திரியின் பின்கட்டில், வேப்பமரத்தடித் தகரக் கொட்டகையில் எங்கள் வண்டி நின்றது. வெள்ளை உடம்பு, நீலப் பட்டை, பக்கவாட்டில் எங்கள் ஊரின் பெயர். இவ்வளவு தூரத்தில் அந்தப் பெயரை இரண்டு முறை படித்தேன். பெயின்ட் மங்கவில்லை, டயரெல்லாம் நல்ல நிலை. வண்டி முன்னால் எங்கள் தீயணைப்புக்காரர்கள் கொடுத்த வெண்கல மணி தொங்கியது. அதன் நாக்கில் துணி சுற்றிக் கட்டியிருந்தது.

ஓட்டுநர் பெயர் ஆரோக்கியம். நாற்பது வயது, கழுத்தில் சிலுவை, காக்கிச் சட்டை. “ஒரு சுற்று போய் வரலாமா? நான் பின்னால் உட்கார்ந்து, நோயாளிக்கு வசதி எப்படி என்று பார்க்க வேண்டும்” என்றேன்.

“பின்னாலயா?” என்றார். “முன்னால உக்காருங்க சார், காத்து வரும்.”

நான் பின்னால்தான் என்று ஏறினேன். வண்டி கடைத்தெருவில் நுழைந்ததும் ஓர் ஆச்சரியம். கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பலகைக் கதவைப் பாதி சாத்தினார்கள். ஒரு பெரியவர் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சைக்கிளில் போனவர் இறங்கி ஓரமாக நின்றார். எங்கள் ஊரில் மாநில சுல்தான் வந்தால்கூட இவ்வளவு ஒழுங்கு இராது. நட்பு நகரத்தின் பிரதிநிதி என்று தெரிந்துவிட்டதுபோலும் என்று நான் ஜன்னல் வழியாக இரண்டு பக்கமும் கைகூப்பினேன். பழ வண்டிக்காரி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.

ஆரோக்கியம் திரும்பிப் பார்த்தார். “கையக் கீழ போடுங்க சார். பாடி எந்திரிச்சுக் கும்பிடுதுன்னு ஓடப்போறாங்க.”

நதிக்கரை அருகே ஆளில்லாத இடத்தில் நிறுத்தி, ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டு, விஷயத்தைச் சொன்னார்.

“ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க மாட்டு வண்டியில வருவாங்க, ரிக்‌ஷாவுல வருவாங்க, கட்டில்ல வச்சுத் தோள்ல தூக்கிட்டும் வருவாங்க. இதுல மட்டும் வரமாட்டாங்க. இது போறதுக்குத்தான்.”

“போவது என்றால்?”

“டாக்டர் கைய விரிச்சிட்டாருன்னா ஒடனே வீட்டுக்குக் கொண்டுபோயிரணும் சார். வெளிய செத்தா பொணத்த வீட்டுக்குள்ள விடமாட்டாங்க, சில ஊர்ல தெருவுக்குள்ளயே விடமாட்டாங்க. மூச்சு இருக்கயிலேயே வாசப்படி தாண்டிரணும். படுக்க வச்சு வெரசா போறதுக்கு இந்த வண்டிய விட்டா வேற ஏது? வந்த மொத மாசமே நாலஞ்சு பேரு அப்படிப் போனாங்க. நானும் புது வண்டின்னு மணிய அடிச்சுக்கிட்டே போனேன். சாவுக்கு அடிக்கிற சேகண்டி மாதிரியே இருந்துச்சாம். அன்னியிலேர்ந்து இதுக்கு சேகண்டி வண்டின்னுதான் பேரு. மணியக் கட்டிப் போட்டேன். பேரு போகல.”

“நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வந்ததே இல்லையா?”

யோசித்தார். “ஒரு வெள்ளக்காரப் பாதிரியார் வந்தாரு. அவருக்கு விஷயம் தெரியாது.”

அன்று மத்தியானம் சாப்பிடாமலே விடுதிக்குத் திரும்பினேன். எங்கள் ஊரில் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லோரும் வாரச் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த நிதி அது. உயிர் காக்க என்று கொடுத்தது.

வியாழக்கிழமை மணப்பாறைக்குப் போனேன். என் பெற்றோரின் ஊர் அந்தப் பக்கம். உறவு என்று சொல்லிக்கொள்ள யாருமில்லை, பார்த்துவிட்டு வரலாம் என்று. பாதி வழியில் பஸ் பொட்டல்வெளியில் நின்றுவிட்டது. கண்டக்டர் எல்லோரையும் இறக்கி, “ஆம்பளங்க மட்டும் தள்ளுங்க” என்றார். தள்ளினோம். நகரவில்லை. “டிரைவர் எறங்கினா கொஞ்சம் வெயிட் கொறையும்” என்று ஒருவர் சொல்ல, ஒரு புளியமரத்தடியில் எல்லோரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தோம். பக்கத்தில் மாட்டுச் சந்தைக்குப் போகிற விவசாயி ஒருவர் முறுக்குப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். அந்த முறுக்கு, சொல்ல வேண்டியதில்லை, பல்லில் பட்டதும் மணலாக உதிர்ந்தது.

நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். சொன்னேன். வண்டியையும் சொன்னேன்.

“அது நீங்க குடுத்ததா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்கண்ணன அதுலதான் கொண்டாந்தோம். செங்கக் காளவாயில ஒடம்பு வெந்து போச்சு. பொழைக்கமாட்டாருன்னுட்டாங்க. வாசல்ல எறக்கி, அண்ணி ஒரு வாய் பால் ஊத்துச்சு, கண்ணத் தொறந்து பாத்துட்டுத்தான் போனாரு. இல்லன்னா ரோட்டோட போட்டு எரிச்சிருப்போம் அனாதையாட்டம். நல்லா இருக்கணும்ங்க உங்க ஊரு.”

இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வேறு பஸ் வந்து மணப்பாறை போய்ச் சேர்ந்தபோது திரும்ப வேண்டிய நேரமாகிவிட்டது. பெற்றோரின் ஊரைப் பார்க்கவில்லை.

மாலையில் நேரே ஸ்ரீரங்கம் போய் வரதன் சாரிடம் கேட்டேன். சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா வண்டி நன்றாக ஓடுகிறது என்று சொல்லியனுப்பினீர்களே, ஏன் இதைச் சொல்லவில்லை?

வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து பதில் சொன்னார். “ஓடறதே, பொய்யா? குடுத்தவா மனசு நோகப்படாதுன்னுதான். நாங்க குடுத்த விளக்கை நீங்க தெனமும் ஏத்தறேளா?”

குடைகள் நினைவுக்கு வந்தன.

“நீங்கள் படித்தவர். நீங்கள் ஒருவர் அதில் ஏறிப் போயிருந்தால் போதுமே” என்றேன் பிறகு.

“நான் ஏறலாம் ஸார். தெரு பாக்குமே.”

அலமேலு அம்மாள் உள்ளே படுத்திருந்தார். வயிற்று வலி, ஓமத் தண்ணீர் குடித்திருப்பதாகச் சொன்னார்கள். “மழை கொண்டு வந்தேளா?” என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. மறுநாள் சாப்பிட வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நான் போனபோது அந்த வீட்டில் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. தெருக்கோடி டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். அம்மாளுக்கு இரவெல்லாம் காய்ச்சலும் வாந்தியும். குடல்வால் பழுத்திருக்கிறது, தாமதித்தால் வெடித்துவிடும், புத்தூருக்குக் கொண்டுபோய் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னார். “படுக்க வெச்சபடியே கொண்டு போகணும். குலுங்கப்படாது.”

டாக்ஸிக்கு ஆள் போயிருந்தது. சமயபுரத்தில் கூட்டம், டாக்ஸியெல்லாம் அங்கே என்று திரும்பி வந்தது. டாக்டர் வீட்டில் டெலிபோன் இருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. போய் ஆஸ்பத்திரிக்குப் பேசி வண்டியை வரச்சொன்னேன்.

திரும்பி வந்து சொன்னதும் வரதன் சாரின் முகம் மாறியது. “எதுக்குச் சொன்னேள்?” என்றார் மெதுவாக.

“படுக்க வைத்துக் கொண்டு போக வேண்டும் என்றாரே டாக்டர்.”

அதற்குள் அடுத்த வீட்டு அம்மாள், பட்டம்மாள் என்று பெயர், வாசலில் வந்து நின்றார். “மாமா, அலமு எனக்குக் கூடப்பொறந்தவ மாதிரி. ஆனா அந்த வண்டி இந்தத் தெருவுக்குள்ள வரப்படாது. எம்பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா, மாசம் ஒம்போது. அவ கண்ணுல படலாமா அது?” அவர் கண்ணில் நீர் இருந்தது. சண்டைக்கு வந்தவர் அல்ல.

“அம்மா, இது ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி. உயிரோடு இருப்பவர்களுக்காக நாங்கள் அனுப்பியது” என்றேன்.

“நீங்க அனுப்பினது சரி ஸ்வாமி. வந்தது வேறயா இருக்கே.”

வரதன் சார் சமாதானமாக ஒரு வழி சொன்னார்: வண்டி கோபுரத்துக்கு வெளியே நிற்கட்டும், அதுவரை குதிரை வண்டியில் கொண்டுபோய் அங்கே மாற்றிக்கொள்ளலாம். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பேசி முடிக்கவே நேரம் போய்விட்டது. குதிரை வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, ஜமுக்காளம் விரித்து, அம்மாளைத் தூக்கி வைத்தோம். தலை வரதன் சாரின் மடியில். வழியெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தார். நான் கூடவே நடந்தேன்.

கோபுரத்துக்கு வெளியே எங்கள் வண்டி நின்றது. ஆரோக்கியம் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். சுற்றிலும் நல்ல இடைவெளி விட்டு ஜனங்கள் நின்றார்கள்.

அம்மாள் தலையைத் தூக்கி அதைப் பார்த்தார். கணவரின் அங்கவஸ்திரத்தைப் பிடித்துக்கொண்டார். “என்னை அனுப்பிடாதேங்கோ.”

“ஆபரேஷனுக்கு, அலமு. ஆஸ்பத்திரிக்குத்தான்.”

“பொய் சொல்லாதேங்கோ. டாக்டர் என்ன சொன்னார்? சொல்லிட்டாரா? அதான் இதைக் கூப்பிட்டேளா?” வலியை மீறி எழுந்திருக்கப் பார்த்தார். “இதுலேயே போறேன், குலுங்கினாலும் பரவாயில்லே. அது வேண்டாம்.”

ஆரோக்கியம் அருகில் வந்தார். “அம்மா, நாந்தான் ஓட்டுறேன். ஒண்ணும் ஆவாதும்மா.” அவர் முகத்தைப் பார்த்ததும் அம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அந்த முகமும் ஊருக்குத் தெரிந்த முகம்.

வரதன் சார் என்னைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் இருவர் தூக்கி மாற்றியிருப்போம். அவர், “குதிரை வண்டியே போகட்டும்” என்றார்.

நான் எங்கள் வண்டியில், முன்னால், ஆரோக்கியத்தின் பக்கத்தில் ஏறினேன். வழியில் மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம் என்று பின்னாலேயே போனோம். பாலத்தில் வைக்கோல் வண்டி ஒன்று அச்சு முறிந்து நின்றது. எதிரே பஸ், பின்னால் பஸ். வெயில் நேர் உச்சியில். குதிரை கால் மாற்றி மாற்றி நின்றது. ஒவ்வொரு அசைவுக்கும் உள்ளே முனகல் கேட்டது. வைக்கோலை இறக்கி, வண்டியை ஓரம் தள்ளி, ஒரு வழியாக நகர்ந்தோம்.

பாலத்தைத் தாண்டிக் கடைத்தெரு வந்தது. முன்னால் குதிரை வண்டி, பின்னால் குதிரையின் வேகத்திலேயே காலி ஆம்புலன்ஸ். கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பலகைகள் பாதி சாத்தப்பட்டன. பிறகுதான் எனக்கு உறைத்தது. குதிரை வண்டிக்குப் பின்பக்கம் திறப்பு. மடியில் தலை வைத்திருந்த அம்மாளின் முகம் எங்கள் பக்கம் இருந்தது. எங்கள் வண்டியையும், இரண்டு பக்கமும் சாத்துகிற கதவுகளையும் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். நான் பார்க்கும்போது அவர் புடவைத் தலைப்பை எடுத்துத் தானே தன் முகத்தின்மேல் போட்டுக்கொண்டார்.

“நிறுத்துங்கள்” என்றேன். ஆரோக்கியம் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். குதிரை வண்டி போய் மறைந்தது.

ஆபரேஷன் நடந்தது. குடல்வால் ஏற்கனவே வெடித்து வயிறெங்கும் சீழ் பரவியிருந்ததாம். அறுவை செய்த டாக்டர் வெளி மாநிலத்தவர், ஆங்கிலத்தில் பேசினார். அவர் சொன்னது இது: “காலையில் வந்திருந்தால் எனக்கு நம்பிக்கை இருந்திருக்கும். எதில் வந்தார்கள்?” குதிரை வண்டியில் என்றேன். அவர் கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, “நல்ல வண்டி அது” என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானமாகியும் அம்மாளுக்கு நினைவு வரவில்லை. நான் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிர்க் கடையிலிருந்து இட்லி வாங்கி வந்து வரதன் சாருக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, சாப்பிடாமல், பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வெயில் தாழ்ந்தபோது டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டார். இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தார். என்னைத் தாண்டிக் கொட்டகைக்கு நடந்தார்.

“ஆரோக்கியம், வண்டியை எடுப்பா.”

“சார்...”

“ஆத்துக்குப் போயிடணும். சீக்கிரம்.”

ஸ்ட்ரெச்சரில் வைத்து ஏற்றினோம். வண்டி குலுங்கவே இல்லை. எங்கள் ஊர்ப் பட்டறையில் செய்த ஸ்பிரிங்குகள். பாலம் காலியாக இருந்தது. கோபுரத்தருகில் நிற்க வேண்டியிருக்கவில்லை. நேரே உத்தர வீதிக்குள் நுழைந்தோம். யாரும் தடுக்கவில்லை. அது எந்தக் காரியத்துக்கு வரும் என்று தெரு நினைத்திருந்ததோ அந்தக் காரியத்துக்குத்தான் வந்திருந்தது. பட்டம்மாள் தன் வீட்டு உள்கதவைச் சாத்திவிட்டு ஓடி வந்து ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்தார். “மெதுவா, மெதுவா, நெலப்படி இடிக்கப்போறது” என்று அழுதுகொண்டே சொன்னார். கூடத்தில், எனக்கு இலை போட்ட இடத்தில், கிடத்தினார்கள். யாரோ வாயில் தீர்த்தம் விட்டார்கள். விளக்கேற்றும் நேரத்துக்குச் சற்று முன்பு மூச்சு நின்றது.

நான் வாசலில் நின்றிருந்தேன். வரதன் சார் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். எதிரே எங்கள் ஊர்ப் பெயரோடு வண்டி.

“உங்க சபையில கேட்டா சொல்லுங்கோ” என்றார். “வண்டி ரொம்ப நன்னா ஓடறது. சமயத்துக்குக் கொண்டு வந்து விட்டுடுத்துன்னு.”

அவர் பரிகாசமாகச் சொல்லவில்லை. நன்றியாகத்தான் சொன்னார். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். அதற்கு முன் முதல் வேலையாக, பொழுது விடிந்து கடைகள் திறந்ததும், ஆரோக்கியத்தைச் சத்திரத்துக்கு வண்டியோடு வரச்சொல்லியிருந்தேன். பஸ் நிலையத்து வாசலில், அத்தனை பேர் பார்க்க, பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தேன்.

“என்ன சார் இது? நல்லாத்தானே இருக்கீங்க?”

“திரைகளை விலக்கிக் கட்டுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.”

“அபசகுனம் சார்.”

“மணியின் துணியையும் அவிழ்த்துவிடுங்கள்.”

அவர் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டார். பிறகு அவிழ்த்தார். அந்த மணியை எங்கள் ஊரில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். இங்கே படுத்துக்கொண்டு கேட்டபோது சேகண்டிதான் என்று எனக்கும் தோன்றியது. ஜன்னலில் கடைகள் தலைகீழாக வந்தன. பலகைகள் பாதி சாத்தப்பட்டன. ஒரு பெண் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள். நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே போனேன்.

புத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. நானே கதவைத் தள்ளி, இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, எதிரே இருந்த டீக்கடைக்கு நடந்தேன். அங்கே நின்றிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஒரு டீ கேட்டேன். கடைக்காரர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இந்த வண்டியில வந்து எறங்கி டீ கேட்ட மொத ஆளு நீங்கதான் சார்” என்றார். “சக்கர தூக்கலாப் போடவா?”

“போடுங்கள்” என்றேன்.

குடித்து முடித்துவிட்டு வண்டிக்குத் திரும்பினேன். மறுபடியும் சத்திரத்துக்கே விடச் சொன்னேன்.

“இன்னொரு தடவையா சார்?” என்றார் ஆரோக்கியம்.

“இன்னொரு தடவை.”